டோஆய் ஸ்டேஷன்: பாதாளத்தில் இறங்கி மலைமேல் கிளம்புவது எப்படி

ஜப்பானில் இருக்கும் டோஆய் ஸ்டேஷனுக்குக் காரில் போகாதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இப்போது பாதிப் பேர் அப்படித்தான் வருகிறார்கள். ஸ்டேஷன் வாசலில் வண்டியை நிறுத்தி, படிக்கட்டின் தலைமாட்டில் நின்று கீழே எட்டிப் பார்த்து, நாலு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். சினிமாவுக்குப் போய் டிக்கெட் கவுன்டரைப் பார்த்துவிட்டுத் திரும்புவது மாதிரிதான் அது. டவுன் வண்டியில், அதாவது டோக்கியோவை விட்டு விலகிப் போகிற வண்டியில், வந்து மலைக்கு அடியில் இறங்க வேண்டும். படியேறி வெளியே வர வேண்டும். திரும்பும்போது மேலே இருக்கும் பிளாட்பாரத்தில், டோக்கியோவை நோக்கிப் போகிற அப் வண்டி பிடிக்க வேண்டும். இந்தச் சின்ன ஸ்டேஷனின் சரித்திரம் முழுக்க அந்தப் போகவரத்தில் அடங்கியிருக்கிறது.

நான் டோக்கியோவை ஒட்டிய சைதாமாவில் குடியிருக்கிறேன். ஊரிலிருந்து வருகிறவர்கள் ஃபூஜி மலை, கியோட்டோ என்று ஒரு பட்டியலோடு வருவார்கள், அவர்களைத் தடுப்பதில்லை. ரயில் பைத்தியம் யாராவது வந்து சேர்ந்தால் மட்டும் டோஆயைச் சொல்வேன். இந்தக் குறிப்பும் அவர்களுக்குத்தான்.

இடம் எங்கே என்றால், குன்மா மாநிலத்தின் வடக்கு ஓரம், மினாகாமி ஊராட்சி. ஜோயெட்சு பாதையில், தனிகவா மலையின் காலடியில் இருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் நீகத்தா மாநிலம், அதற்கப்பால் ஜப்பான் கடல். டோக்கியோவிலிருந்து அந்தக் கடற்கரைக்குப் போவதற்கு இந்த மலைத்தொடர்தான் குறுக்கே நின்றது.

ஒரே ஸ்டேஷனுக்கு ஏன் இரண்டு உயரம்

இதைத் தெரிந்துகொள்ளாமல் போனால், கீழ்ப் பிளாட்பாரத்திலிருந்து வாசலுக்கு ஏற வேண்டிய 486 படி வெறும் முட்டிவலியாகத்தான் மிஞ்சும். அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

1931-க்கு முன்பு டோக்கியோவிலிருந்து நீகத்தாவுக்கு ரயில் நாகானோ வழியாகச் சுற்றிக்கொண்டு போனது. நடுவில் உசுய் கணவாய். அங்கே ஏற்றம் அவ்வளவு செங்குத்து என்பதால் தண்டவாளத்துக்கு நடுவே பல்சட்டம் பதித்து, பல்சக்கரம் வைத்த எஞ்சினால் வண்டியை ஏற்றினார்கள். ஊட்டி ரயிலில் போனவர்களுக்கு அந்த ஏற்பாடு புரியும். இந்தச் சுற்றைத் தவிர்க்கத்தான் தனிகவா மலையைக் குடைவது என்று முடிவானது. 1922-ல் தொடங்கிய வேலை 1931 செப்டம்பர் 1-ல்தான் முடிந்து பாதை திறந்தது. ஷிமிசு சுரங்கம், நீளம் 9,702 மீட்டர். டோக்கியோவின் உயேனோ ஸ்டேஷனிலிருந்து நீகத்தாவுக்கான தூரம் 100 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகவும், நேரம் சுமார் 4 மணியும் மிச்சமானது.

அந்தக் காலத்தில் சுரங்கம் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. தோண்டும்போது பாறை தானாக வெடித்துச் சிதறியது, தண்ணீர் பீறிட்டது. ஆகவே மலையின் அடிவாரத்தில் குடையாமல், முடிந்தவரை மேலே ஏறிப்போய், மலை மெலிந்த இடத்தில் குடைந்தார்கள். அவ்வளவு உயரம் ஏற்றுவதற்காக மலைக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு லூப் போட்டார்கள், தண்டவாளம் ஒரு வட்டம் அடித்துத் தன் தலைக்கு மேலேயே வந்து சேரும்படி. அவ்வளவு நீளச் சுரங்கத்தில் நீராவி எஞ்சினின் புகை ஆளைக் கொன்றுவிடும். அதனால் மினாகாமிக்கும் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் இஷியுச்சிக்கும் இடையிலான பகுதி திறந்த அன்றே மின்சாரப் பாதையாக இருந்தது.

டோஆய் அந்தச் சுரங்கத்தின் தெற்கு வாயை ஒட்டி இருக்கிறது. ஒற்றைப் பாதை, நடுவில் எங்காவது கிராஸிங் வேண்டும். அதற்காக 1931-ல் வைத்த சிக்னல் நிலையம்தான் இது. பயணிகள் ஏறி இறங்கும் ஸ்டேஷனாக ஆனது 1936 டிசம்பர் 19-ல்.

போருக்குப் பிறகு ஒற்றைப் பாதை போதவில்லை. இரண்டாவது பாதை போட்டபோது தொழில்நுட்பம் எங்கேயோ போயிருந்தது. வட்டம் அடித்து மேலே ஏற வேண்டிய அவசியமே இல்லை. அடிவாரத்திலேயே நேராக 13,490 மீட்டருக்குக் குடைந்துவிட்டார்கள். ஷின் ஷிமிசு சுரங்கம் 1967 செப்டம்பர் 28-ல் திறந்தது. டோக்கியோ பக்கமிருந்து போகிற டவுன் வண்டிகள் புதுச் சுரங்கத்தில், டோக்கியோவை நோக்கி வருகிற அப் வண்டிகள் பழைய சுரங்கத்திலும் லூப்பிலும் என்று பிரித்தார்கள். இன்றுவரை அப்படித்தான். டோஆய் இருக்கும் இடத்தில் புதுப் பாதை தரைக்கு ஏறத்தாழ 70 மீட்டர் அடியில் போகிறது. அங்கேயே ஒரு பிளாட்பாரம் வைத்து, மேலே இருக்கும் ஸ்டேஷனோடு படிக்கட்டால் இணைத்துவிட்டார்கள். கீழ்ப் பிளாட்பாரம் கடல்மட்டத்திலிருந்து 583 மீட்டர், ஸ்டேஷன் கட்டிடம் 653.7 மீட்டர். ஜப்பான்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் செல்லப்பெயர் 'ஜப்பானின் நம்பர் ஒன் மொகுரா ஸ்டேஷன்'. மொகுரா என்றால் மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் அகழெலி.

சீட்டும் நேரமும்

இந்தப் பயணத்தில் திட்டமிட வேண்டியது ஒன்றே ஒன்று, அதுவும் அட்டவணை. மினாகாமிக்கும் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் எச்சிகோ யுசாவாவுக்கும் இடையில் ஒரு திசைக்கு நாளொன்றுக்கு ஐந்தாறு வண்டிதான். ஒன்றை விட்டால் அடுத்ததற்குச் சில சமயம் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகவே வீட்டிலிருந்து கிளம்பும் நேரத்தை முதலில் முடிவு செய்யாதீர்கள். டோஆயிலிருந்து திரும்பும் அப் வண்டியை முதலில் தேர்ந்தெடுங்கள். அதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேரும் டவுன் வண்டி எது என்று பாருங்கள். அப்புறம் பின்னோக்கிக் கணக்குப் போட்டு வாருங்கள். அட்டவணை வருஷத்துக்கு ஒரு முறை, மார்ச் மாதம் மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள். பழைய பயணக்குறிப்பில் பார்த்த நேரத்தை நம்பிப் போகக்கூடாது.

வழி சுலபம். உயேனோவில் தகாசாகி பாதை சாதாரண வண்டி ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் தகாசாகி. அங்கே மாறி மினாகாமிக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். மினாகாமியில் மறுபடி மாறி, நீகத்தா பக்கம் போகும் வண்டியில் யுபிசோ, அடுத்து டோஆய். கடைசித் துண்டு பத்து நிமிடம்கூட இல்லை. அவசரக்காரர்கள் தகாசாகி வரை ஷின்கான்சென் என்கிற அதிவேக ரயிலைப் பிடிக்கலாம். ஜோமோ கோகென் வரை ஷின்கான்செனில் போய், அங்கிருந்து மினாகாமிக்குப் பேருந்தில் போவதும் உண்டு. எப்படிப் போனாலும் மினாகாமியில் மட்டும் ரயிலுக்கு மாறிக்கொள்ளுங்கள். பேருந்து டோஆய் வாசல் வரைக்கும் போகிறதே என்று ஆசைப்பட்டு உட்கார்ந்துவிட்டால் காரில் வந்தவருக்கும் உங்களுக்கும் வித்தியாசம் இல்லை.

மினாகாமியில் மாறும்போது ஒரு ஓட்டம் நடக்கும். தகாசாகியிலிருந்து வருவது நீள வண்டி, மறுபக்கம் நிற்பது பெரும்பாலும் இரண்டே பெட்டி. விடுமுறை நாளில் எல்லாருமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். நீங்கள் ஓட வேண்டாம். பத்து நிமிடம் நின்றுகொண்டு போனால் ஒன்றும் குறைந்துவிடாது, இறங்கும்போது கதவுக்குப் பக்கத்தில் இருப்பது நல்லதும்கூட.

டோக்கியோவில் எல்லாவற்றுக்கும் தட்டுகிற அந்த அட்டையை நம்பி இந்த மலைக்குள் வராதீர்கள். டோஆயில் டிக்கெட் கொடுக்கவும் ஆளில்லை, வாங்கிக்கொள்ளவும் ஆளில்லை, 1985-லிருந்தே அப்படி. கிளம்பும் ஸ்டேஷனிலேயே 'டோஆய் வரை' என்று காகிதச் சீட்டு எடுத்துவிட்டால் வழியில் யாரிடமும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. பள்ளி விடுமுறைக் காலங்களில் 'செய்ஷுன் 18' என்றொரு சீட்டு விற்பார்கள். வயது வரம்பு கிடையாது, தாத்தா பாட்டியும் வாங்கலாம். சாதாரண வண்டிகளில் மட்டும், தொடர்ச்சியாக 3 நாள் என்றால் 10,000 யென், 5 நாள் என்றால் 12,050 யென். 2024 குளிர்காலத்திலிருந்து தொடர்ச்சியான நாட்கள் என்று ஆக்கிவிட்டார்கள். முன்பு விட்டு விட்டு எடுத்துக்கொள்ளலாம், ஐந்து பேர் ஒரே சீட்டில் ஒரு நாள் போகலாம். எனக்கு அந்தப் பழைய முறைதான் பிடிக்கும். டோஆய்க்கு மட்டும் ஒரு நாள் போகிறவர்களுக்கு இனி அது கட்டுப்படியாகாது.

சாப்பாட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். அசைவம் சாப்பிடுகிறவர்கள் தகாசாகியில் தாருமா பெந்தோ என்கிற டப்பாச் சாப்பாடு வாங்கலாம். 1960-லிருந்து விற்கிற சிவப்பு டப்பா, தாருமா பொம்மை முகம் போட்டது. காலியான பிறகு உண்டியலாக வைத்துக்கொள்ள வாயில் ஒரு துளைகூட விட்டிருப்பார்கள். சைவக்காரர்களுக்கு ரயில்நிலையச் சாப்பாடு ஆபத்து. காய் மாதிரித் தெரிவதும் மீன் சாற்றில் வெந்திருக்கும். ஊறுகாய்ப் பிளம் வைத்த சோற்று உருண்டை வாங்கிக்கொள்ளலாம், அதையும் பொட்டலத்தில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு. நான் வீட்டிலிருந்து புளியோதரை கட்டிக்கொண்டு போய்விடுவேன்.

குடிக்கத் தண்ணீர் பாட்டிலை ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) ஸ்டேஷன் இயந்திரத்தில் எடுங்கள், 'ஃப்ரம் அக்வா' என்று போட்டிருக்கும். ஷின்கான்செனுக்காக இதே மலையில் மூன்றாவது சுரங்கம், டாய் ஷிமிசு, 22 கிலோமீட்டருக்குக் குடைந்தபோது ஊற்று உடைத்துக்கொண்டு வந்தது. அந்தத் தண்ணீரைத்தான் 1980களில் பாட்டிலில் அடைத்து விற்க ஆரம்பித்தார்கள்.

கீழே இறங்கியதும்

யுபிசோவின் டவுன் பிளாட்பாரமும் சுரங்கத்துக்குள்தான் இருக்கிறது. அங்கேயே இறங்கிவிடாதீர்கள், அடுத்தது. வண்டி நின்றதும் கதவு தானாகத் திறக்கவில்லை என்றால் பக்கத்தில் இருக்கும் பட்டனை அழுத்த வேண்டும். 'திறக்கும், திறக்கும்' என்று நிற்கிறவர்களை வண்டி மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடும்.

கோடையில்கூட ஒரு மேல்சட்டை வேண்டும். வெளியே ஆகஸ்ட் வெயில் கொளுத்தும்போது இங்கே பல் கிட்டும், மூச்சு புகையாக வரும். ஈரக் காற்று வெப்பத்தோடு மேலேயிருந்து இறங்கும் நாட்களில் படிக்கட்டு முழுக்க மூடுபனி நிற்கும்.

இறங்கியவுடனே எல்லாரும் படியைப் பார்த்து ஓடுவார்கள். நீங்கள் ஓடாமல், வண்டியின் பின்விளக்கு சுரங்கத்துக்குள் சிவப்புப் புள்ளியாகத் தேய்வதைப் பாருங்கள். சத்தம் அடங்கவே வெகுநேரம் ஆகும். சரக்கு வண்டிகள் இந்தப் பாதையில் இன்னும் ஓடுகின்றன, ஒன்று நிற்காமல் கடந்தால் காற்று முதலில் வரும், சத்தம் பிறகு வரும். மஞ்சள் கோட்டுக்கு வெகுவாக உள்ளே நின்றுகொள்ளுங்கள், பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். பிளாட்பாரத்துக்கும் பிரதான பாதைக்கும் நடுவே முன்பு ஒரு ஒதுக்குப் பாதை இருந்தது. 2000களின் கடைசியில் அதை எடுத்துவிட்டு, பிளாட்பாரத்தைப் பிரதான பாதைக்கே நெருக்கிவிட்டார்கள்.

என் மாமா பொன்மலைப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரை அழைத்துப் போனபோது சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏம்மா, மலைக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டுக் கெணத்துல எறக்கிட்டியே?”

“டவுன் வண்டின்னு சொன்னேனே மாமா.”

“நாப்பது வருஷம் ரயில்வேல இருந்தேன். டவுன்னா இப்படின்னு எவனும் சொல்லல.”

படிக்கட்டு

நேர்கோட்டில் 338 மீட்டர் நீளம், 462 படி. மேலே ஒரு வெளிச்சப் புள்ளி தெரியும், அதுதான் முடிவு என்று தோன்றும், ஆனால் முடிவு அதற்கும் அப்பால். படி குத்தாக இருக்காது. சில படிகளுக்கு ஒருமுறை சமதளம் வரும், அதனால் மூச்சைவிடப் பொறுமைதான் முதலில் தீரும். எத்தனையாவது படி என்று அங்கங்கே எண் எழுதியிருக்கிறார்கள். உட்கார இருக்கை உண்டு, வெட்கப்படாமல் உட்காருங்கள். ஸ்டேஷனில் இருக்கும் அறிவிப்புப் பலகை வாசலுக்குப் பத்து நிமிடம் என்கிறது. வயதானவர்களுக்கு இருபது நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

படிக்குப் பக்கத்தில், கீழிருந்து மேல்வரை அகலமாக ஒரு வெற்று இடம் கூடவே வருவதைக் கவனியுங்கள். பின்னால் எஸ்கலேட்டர் போடலாம் என்று 1967-ல் விட்ட இடம் அது. அது வரவேயில்லை. 1982 நவம்பரில் ஷின்கான்சென் டாய் ஷிமிசு சுரங்கத்தில் ஓடத் தொடங்கியது, நீகத்தா போகிறவர்கள் அதற்குப் போய்விட்டார்கள். 1985-ல் மலைக்கடியில் நெடுஞ்சாலைச் சுரங்கமும் வந்துவிட்டது. அதே வருஷம் டோஆயில் இருந்த ஊழியர்களையும் எடுத்துவிட்டார்கள். இந்த ஸ்டேஷனின் பொற்காலம் என்று பார்த்தால் பதினைந்து பதினாறு வருஷம்தான். அந்த வெற்று இடத்தைப் பார்த்தால் எனக்கு ஸ்டேஷன்மேல் கொஞ்சம் பரிதாபமே வரும்.

அந்தப் பொற்காலம் யாருடையது என்றால் மலையேறிகளுடையது. தனிகவா 1,977 மீட்டர்தான். ஜப்பானில் அதைவிட உயரமான மலைகள் எத்தனையோ உண்டு. ஆனால் இரண்டு கடல்களின் காற்றும் மோதுகிற இடம் என்பதால் வானிலை நிமிடத்துக்கு நிமிடம் மாறும், இச்சினோகுரா பக்கம் பாறை செங்குத்து. டோக்கியோவிலிருந்து இரவு வண்டியில் ஒரே இரவில் வந்துவிடலாம் என்பதால் ஆசையும் அதிகம், சாவும் அதிகம். 800-க்கும் மேற்பட்டோர் இந்த மலையில் இறந்திருக்கிறார்கள். 1960-ல் கயிற்றில் தொங்கிய இரண்டு உடல்களை மீட்க வேறு வழியில்லாமல், தற்காப்புப் படை வீரர்களை வரவழைத்துக் கயிற்றைச் சுட்டு அறுத்தார்கள். 1967-க்குப் பிறகு இரவு வண்டியில் வந்த கூட்டம் நடுச்சாமத்தில் இந்தக் கீழ்ப் பிளாட்பாரத்தில் இறங்கி, முதுகு மூட்டையோடு இதே 462 படியை ஏறித்தான் மலைக்குப் போனது.

படி முடிந்ததும் 143 மீட்டருக்கு ஒரு நடைவழி. ஜன்னல் வைத்த பாலம் அது. அடியில் யுபிசோ ஆறும் ஒரு சாலையும் போகும். அதன் முடிவில் இன்னும் 24 படி, அப்புறம் வாசல். ஆள் இருந்த காலத்தில் டவுன் வண்டிக்கு, புறப்படுவதற்குப் பத்து நிமிடம் முன்பே சீட்டுச் சரிபார்ப்பை முடித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு வருகிறவர் ஓடினாலும் வண்டியைப் பிடிக்க முடியாது என்பதுதான் காரணம். இன்று உங்களைத் தடுக்க யாரும் இல்லை. ஆகவே மேலிருந்து டவுன் வண்டி பிடிக்கிறவர்கள் அந்தப் பத்து நிமிடத்தைத் தாங்களே கழித்துக்கொள்ள வேண்டும்.

மேலே இருக்கும் நேரத்தில்

கட்டிடத்துக்கு வெளியே போய்த் திரும்பிப் பாருங்கள். மலைச்சிகரம் போல முக்கோணக் கூரை, ஆளில்லாத ஸ்டேஷனுக்கு அளவுக்கு மீறிப் பெரிய கூடம். பழைய அலுவலக அறையில் 2020-லிருந்து ஒரு காபிக்கடை நடக்கிறது, பக்கத்து நிலத்தில் கூடாரத் தங்குமிடமும் உண்டு. கடை எல்லா நாளும் திறந்திருக்காது, அதை நம்பி வெறுங்கையோடு வர வேண்டாம்.

கழிவறைக்குப் போய்விட்டு முதல் காரியமாக அப் பிளாட்பாரத்துக்கு நடந்து பாருங்கள். தரைமட்டத்தில் இருக்கும் சாதாரணக் கிராமத்துப் பிளாட்பாரம், புல், வெயில். வடக்கே 1931-ன் சுரங்க வாய் இருக்கிறது. ஒரே பெயர்ப்பலகை இரண்டு இடத்தில் இருப்பதை நம்ப இது போதும்.

நேரம் மிச்சமிருந்தால் சாலையில் பதினைந்து இருபது நிமிடம் ஏறினால் தனிகவா ரோப்வே. வழியில் மலையில் இறந்தவர்களுக்கான நினைவிடம் இருக்கிறது. பெயர்கள் வரிசையாக வெட்டியிருக்கும், ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போகலாம். அந்தி சாய்ந்த பிறகு இந்தச் சாலையில் தனியாக நடக்காதீர்கள், கரடி நடமாட்டம் உள்ள இடம். டிசம்பரிலிருந்து மார்ச் வரை ஆள் உயரப் பனி கொட்டும், வண்டிகள் ரத்தாகும். பனிச்சறுக்குக்கு வருகிறவர்களைத் தவிர மற்றவர்கள் மே முதல் நவம்பர் தொடக்கம் வரை வைத்துக்கொள்வது நல்லது.

முட்டி ஒத்துழைக்காதவர்களை வீட்டில் விட்டுவிட்டு வர வேண்டியதில்லை. எச்சிகோ யுசாவா பக்கமிருந்து அப் வண்டியில் வந்தால் நேராக மேல் பிளாட்பாரத்தில் இறங்கலாம். இல்லையென்றால் அவர்களை மட்டும் மினாகாமியிலிருந்து பேருந்தில் அனுப்பி, படியேறி வருகிற உங்களை வாசலில் வரவேற்கச் சொல்லுங்கள். காரைப் பற்றி நான் சொன்னது அவர்களுக்குப் பொருந்தாது.

திரும்பும்போது அப் வண்டியில் தூங்கிவிடக் கூடாது. டோஆயை விட்டுக் கிளம்பிய சற்று நேரத்தில், மரங்களுக்கு நடுவே, வெகு கீழே ஒரு தண்டவாளமும் ஒரு ஸ்டேஷனும் தெரியும். அது யுபிசோ. வண்டி சுரங்கத்துக்குள் புகுந்து ஒரு முழு வட்டம் அடித்து இறங்கி, அந்த ஸ்டேஷனிலேயே போய் நிற்கும். காலையில் மலைக்கடியில் நேராகப் போன அதே தூரத்துக்கு 1931-ல் எவ்வளவு சுற்ற வேண்டியிருந்தது என்று அப்போது புரியும். மாமா அந்த வட்டம் முடிகிறவரை எழுந்து நின்று, இந்த ஜன்னலுக்கும் அந்த ஜன்னலுக்கும் நடந்துகொண்டே இருந்தார்.

அந்த அப் வண்டி தவறிவிட்டால் பதற வேண்டாம். ரோப்வேயிலிருந்து மினாகாமிக்கு இறங்கும் பேருந்து ஸ்டேஷன் வாசலில் நிற்கும். அதன் கடைசி நேரத்தை மட்டும் காலையிலேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள், ரயிலைவிட அது சீக்கிரம் முடிந்துவிடும்.